குழாய் வெடித்தால் என்ன நிகழும்? – அன்றாடப் பொறிகளில் திரவ அமுக்கமும் வளியமுக்கமும்

மலைநாட்டு வீதியொன்றில் பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து உயிர்கள் பலியாகும்போது, மறுநாட் செய்தியில் பெரும்பாலும் ஒரு வசனம் இடம்பெறும்: பிறேக் செயலிழந்தமையே விபத்துக்குக் காரணம் என்பது அது. சில நாட்களில் ‘சாரதியின் கவனயீனம்’ என்னும் மற்றொரு தொடரும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். இவ்விரு தொடர்களோடு விசாரணை முடிவுற்றது போன்ற உணர்வு நமக்கும் ஏற்பட்டுவிடுகின்றது. பிறேக் எவ்வாறு தொழிற்படுகின்றது, அது எவ்வெவ் வழிகளிற் செயலிழக்கலாம், அவ்வாறு செயலிழக்கும் வேளையில் வண்டி நிற்க வேண்டுமா ஓட வேண்டுமா என்பதை யார், எப்போது தீர்மானித்தனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயிலும் மாணவர் எவரும் பஸ்காலின் தத்துவத்தைத் தவறின்றி எழுதுவர். அடைபட்ட திரவமொன்றின் ஓரிடத்திற் பிரயோகிக்கப்படும் அமுக்கம் அதன் எல்லாப் பகுதிகளுக்கும் குறைவின்றிக் கடத்தப்படும் என்பது அத்தத்துவம். ஆயினும், அவ்விடையை எழுதிவிட்டு வீடு திரும்பும் அதே மாணவர், தாம் ஏறிவரும் முச்சக்கர வண்டியின் பிறேக்கிலும், வழியில் மண் வாரும் ‘பெக்கோ’வின் கையிலும், வயலிற் கலப்பையைத் தூக்கும் உழவு இயந்திரத்திலும் தொழிற்படுவது அதுவே எனக் காண்பது அரிது. மறுபுறத்தில், கராஜில் பத்து வருடம் வேலை செய்த தொழிலாளி இவற்றையெல்லாம் கழற்றிப் பூட்ட வல்லவர். பஸ்காலின் பெயரை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நமது கல்வி முறை இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்தியதில்லை. இக்கட்டுரையில் அமுக்கத்தால் இயங்கும் பொறிகள் சிலவற்றை அவதானிக்க முயல்கின்றோம். அவதானிப்பதற்கு நாம் கைக்கொள்ளும் வினா ஒன்றே: குழாய் வெடித்தால் என்ன நிகழும்?

முதலிற் சொற்கள் பற்றி ஒரு குறிப்பு. ‘நீரியல்’ என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவன குளமும் கலிங்கும் வாய்க்காலுமே. அது இயல்பானது; இந்நாட்டின் பழைய பொறியியற் சாதனை அங்கேதான் உள்ளது. ஆனால் இங்கு நாம் கருதுவது ஓடும் நீரையன்று. குழாயினுள் அடைபட்டு நின்று விசையைக் கடத்தும் திரவத்தை. அத்திரவமும் இன்று பெரும்பாலும் நீரன்று, எண்ணெய். நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெயோ உராய்வையும் தணிக்கும். எனவே ‘திரவ அமுக்கத் தொகுதி’, ‘வளியமுக்கத் தொகுதி’ என்னும் சொற்களையே இங்கு ஆளுகின்றோம்.

பஸ்காலின் ஆய்வு அவர் இறந்ததற்கு மறு ஆண்டு, 1663இல், நூலாக வெளிவந்தது. நீர் நிறைந்த பாத்திரம் விசையைப் பெருக்கும் ஒரு புதிய பொறியாகும் என்பதை அவர் அதிற் கண்டிருந்தார். எனினும், அப்பொறி தொழிற்சாலைக்கு வர மேலும் 130 ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் நீரமுக்கப் பொறிக்கு ஆக்கவுரிமம் பெற்றார். இடைக்காலத்திற் தடையாக நின்றது தத்துவமன்று, கசிவு. முசலத்துக்கும் (பிஸ்ரன்) உருளைக்கும் இடையே நீர் பீறிட்டு வெளியேறாது தடுக்க வழி வேண்டியிருந்தது. அமுக்கம் கூடக்கூடத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையத்தினால் அது தீர்ந்தது. அவ்வளையத்தை அமைத்தவர் பிராமாவின் பட்டறையிற் பணியாற்றிய ஹென்றி மோட்ஸ்லி என்றே கூறப்படுகின்றது. உரிமப் பத்திரத்தில் இருப்பது பட்டறை உரிமையாளரின் பெயர். தொழில்நுட்ப வரலாற்றில் இது புதுமையன்று.

திரவத்துக்கும் வளிக்கும் பஸ்காலின் தத்துவம் பொதுவானது. இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு பண்பு: திரவம் நெருங்குவதில்லை எனுமளவுக்குச் சொற்பமாகவே நெருங்கும், வளி தாராளமாக நெருங்கும். நீரை வளிமண்டல அமுக்கத்தின் 200 மடங்குக்கு அமுக்கினாலும் அதன் கனவளவு நூற்றிலொரு பங்கே குறையும். அதே அமுக்கத்தில் வளியோ தன் பழைய கனவளவின் இருநூற்றிலொரு பங்காகச் சுருங்கிவிடும். இவ்வேறுபாட்டை ஒரு கணக்கினால் தெளிவாக்கலாம். 100 இலீற்றர் கொள்ளும் இரும்புத் தாங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். டயர்க் கடைகளில் எந்நாளும் காண்பதுதான். அதனுள் வளிமண்டலத்தை விட 8 மடங்கு மேலான அமுக்கத்தில் வளியை நிரப்பினால், அதில் ஏறத்தாழ 1 இலட்சம் யூல் சக்தி சேமிக்கப்பட்டிருக்கும். ஒரு தொன் எடையைப் பத்து மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான சக்தி அது. அதே தாங்கியில் அதே அமுக்கத்தில் நீரை நிரப்பினால், அந்நீரிற் சேமிக்கப்படும் சக்தி ஏறத்தாழ 15 யூல். ஒன்றரைக் கிலோகிராம் எடையை ஒரு மீற்றர் தூக்குவதற்குரியது. அமுக்கமானி இரண்டிலும் ஒரே எண்ணையே காட்டும். தாங்கி பிளந்தாலோ, நீர் நிறைந்தது நிலத்தை நனைத்துவிட்டு ஓயும். வளி நிறைந்தது கூரையைப் பெயர்க்கும். கொதிகலன்களையும் அமுக்கத் தாங்கிகளையும் பொறியியலாளர் நீரை நிரப்பிச் சோதிப்பதன் காரணம் இதுவே.

டயர்க் கடைத் தாங்கியின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். வளியை அமுக்கும்போது அதிலுள்ள நீராவி ஒடுங்கித் தாங்கியின் அடியிற் தேங்கும். அதனை வெளியேற்றவே அத்திருகு. திறக்காது விட்டால் தாங்கி உட்புறமாகத் துருப்பிடித்துத் தகடு மெலியும். வெளியே பூசப்பட்ட வர்ணம் மட்டும் பளபளவென்றிருக்கும். அதனருகில் நாள் முழுவதும் குந்தியிருந்து வேலை செய்வோர் பெரும்பாலும் இளைஞர். ‘எயார் தானே’ என்பது அவர்களது எண்ணம்.

இவ்வேறுபாட்டிலிருந்தே எந்த வேலைக்கு எது என்பதும் பிறக்கின்றது. 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள முசலமொன்றின் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர சென்ரிமீற்றர். வழமையான வளியமுக்கமாகிய சதுர சென்ரிமீற்றருக்கு 7 கிலோகிராம் என்னும் அளவில் அது 550 கிலோகிராம் எடையைத் தாங்கும். பெக்கோவில் எண்ணெயின் அமுக்கம் 300 கிலோகிராமையும் தாண்டும். 300 எனக் கொண்டாலும் அதே முசலம் 23 தொன்னுக்கு மேற் தாங்கும். ‘அவ்வாறாயின் வளியையும் 300க்கு அமுக்கலாமே’ எனச் சிலர் கேட்கக்கூடும். முன்னர் கண்ட தாங்கிக் கணக்கே அதற்கு விடை. தவிர, வளியினால் இயங்கும் கை நெகிழும். பாறையில் முட்டியதும் பின்வாங்கி, பாறை விலகியதும் துள்ளும். எண்ணெய் அவ்வாறன்று. சாரதி நெம்பை நிறுத்திய இடத்திற் பெக்கோவின் கை நிற்கும்.

நிற்கும் என்றோம், ஆனால் எதுவரை? உழவு இயந்திரத்தின் பின்புறம் உயர்த்தப்பட்ட கலப்பையையும், ஜக்கினால் உயர்த்தப்பட்ட லொறியையும் தாங்கி நிற்பது அடைபட்ட எண்ணெய் மட்டுமே. ஒரு றப்பர் வளையம் தேய்ந்தாலும், ஒரு வால்வினுள் மணற்றுகள் ஒன்று அகப்பட்டாலும், எண்ணெய் வழிவிட்டு எடை கீழிறங்கும். இங்கே நமது வினாவுக்கு விடை கொடியது: குழாய் வெடித்தால் எடை விழும். ஆகவே ஜக்கு தூக்குவதற்குரியதேயன்றித் தாங்குவதற்குரியதன்று. தூக்கிய பின் மரக்கட்டையோ இரும்புத் தாங்கியோ வைக்காது வண்டியின் கீழ் நுழைபவர் தமது உயிரை ஒரு றப்பர் வளையத்திடம் ஒப்படைக்கின்றார். பெரிய பாரந்தூக்கிகளில் குழாய் வெடித்த கணமே எண்ணெயை உருளைக்குள்ளேயே பூட்டிவிடும் வால்வுகள் பொருத்தப்படுகின்றன. விலை குறைந்த ஜக்கில் அது இல்லை.

எண்ணெய்க் குழாய்க்கு இன்னுமொரு தீங்குண்டு. உயர் அமுக்கக் குழாயில் ஊசிமுனை அளவு துவாரம் ஏற்படின், அதனூடு பீறிடும் எண்ணெய்த் தாரை கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கலாம். கசிவைத் தேடிக் கையாற் தடவும் தொழிலாளியின் தோலைத் துளைத்து எண்ணெய் உட்செல்லும். வெளியே தெரிவது முள்ளுக் குத்தியது போன்ற புள்ளி. வலியும் முதலில் அதிகமிராது. ஆயின் உள்ளே தசை அழியத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் சத்திர சிகிச்சை செய்யப்படாவிடின் விரலை, சில வேளை கையையே, இழக்க நேரிடும். கசிவைக் கடதாசி மட்டையாற் தேட வேண்டும், கையாலன்று. காயம் எவ்வளவு சிறிதாயினும் ‘எண்ணெய் உட்சென்றது’ என வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெக்கோக்களும் உழவு இயந்திரங்களும் மலிந்துவிட்ட நம் கிராமங்களில் இவ்விரு வசனங்களும் பஸ்காலின் வரைவிலக்கணத்திலும் அவசரமாகக் கற்பிக்கப்பட வேண்டியவை.

திரவமும் வளியும் ஒரே பொறியிற் கூட்டாகத் தொழிற்படுவதும் உண்டு. கோயிற் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் எரிந்த பெற்றோமாக்ஸ் விளக்கை மூத்தோர் அறிவர். அதன் அடித்தாங்கியில் மண்ணெண்ணெய். மேலே எஞ்சிய இடத்தில் வளி. பம்பை அடிக்கும்போது நாம் அமுக்குவது மண்ணெண்ணெயையன்று, வளியை. சேமிக்கப்பட்ட அச்சக்தி மண்ணெண்ணெயை மெல்ல மெல்ல மேலே தள்ளுகின்றது. வளி வில்லாகவும் திரவம் அம்பாகவும் அமைந்த இவ்வொழுங்கையே வாகனங்களைத் தூக்கிக் கழுவும் பழைய சேர்விஸ் நிலையங்களிலும் காணலாம்: கொம்பிரசரின் வளி எண்ணெயைத் தள்ள, எண்ணெய் வாகனத்தைத் தூக்கும். விளக்கை அணைப்பதற்குத் திருகைத் திறந்து வளியை வெளியேற்றினோமே, அந்த ‘உஸ்’ என்னும் ஓசையே இனி நாம் பேசவிருக்கும் பஸ் பிறேக்கின் ஓசையும்.

கார், வான், முச்சக்கர வண்டி முதலிய சிறு வாகனங்களில் இருப்பது திரவ பிறேக். பெடலின் கீழுள்ள தலைமை உருளையிலிருந்து (மாஸ்டர் சிலிண்டர்) சில்லுகள் வரை எண்ணெய் நிறைந்த குழாய் செல்கின்றது. காலின் விசையை அது உடனுக்குடன், அளவு பிறழாது கடத்தும். அதன் பலவீனமும் அங்கேயே உள்ளது. குழாய் வெடித்தால் எண்ணெய் போகும். எண்ணெய் போனால் பிறேக் போகும். இதற்காகவே பிற்காலத்துக் கார்களிற் குழாய்த் தொகுதி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று போனாலும் மற்றது இரு சில்லுகளையாவது பிடிக்கும்.

குழாய் வெடியாமலேயே பிறேக் போகும் வழியொன்றும் உண்டு. மலைநாட்டில் அதுவே நம் கவனத்துக்குரியது. வழமையான பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் வகை, புதிதாயிருக்கையிற் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகையாக இறங்கும். நீண்ட இறக்கத்தில் பெடலை மிதித்தபடியே வரும் வாகனத்தின் பிறேக் இவ்வெப்பத்தை எட்டுவது கடினமன்று. எண்ணெய் கொதித்துக் குழாயினுள் ஆவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. திரவத் தொகுதியாயிருந்தது அக்கணத்திலிருந்து வளித் தொகுதியாகிவிடுகின்றது. சாரதி மிதிக்கும் மிதியெல்லாம் ஆவியை நெருக்குவதிலேயே கழியும், பெடல் தரையைத் தொடும், வாகனம் ஓடும். கீழே சென்று ஆறிய பின் கராஜிற் சோதித்தால் ஆவி மீண்டும் திரவமாகியிருக்கும். பிறேக் நன்றாகவே பிடிக்கும். ‘சாரதி பொய் சொல்கின்றார்’ என்னும் முடிவுக்கு வருவது அப்போது எவ்வளவு எளிது! கராஜ்களிற் புதிய எண்ணெய் விட்டு ‘எயார் எடுத்தல்’ என்பது ஒரு சடங்கன்று என்பதும் இதனாற் புலனாகும்.

பெரிய பஸ் வண்டிகளிலும் லொறிகளிலும், புகையிரதங்களிலும் நிலைமை வேறு. இங்கே காலின் விசை போதாது. அமுக்கப்பட்ட வளியிற் சக்தியைச் சேமித்து வைத்து, பெடலைக் கொண்டு அதனைத் திறந்துவிடுகின்றனர். இத்துறையின் வரலாறு புகையிரதத்திலிருந்து தொடங்குகின்றது. பிரான்சையும் இத்தாலியையும் இணைத்து 1871இல் திறக்கப்பட்ட மொன் செனி மலைச் சுரங்கம் வளியமுக்கத் துளைப்பொறிகளால் குடையப்பட்டது. அப்பொறிகளைப் பற்றி வாசித்த அமெரிக்க இளைஞர் ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ், பாறையைத் துளைக்கும் வளி புகையிரதத்தையும் நிறுத்தும் எனச் சிந்தித்ததாகக் கூறுவர். 1869இல் அவர் அமைத்த முதலாவது பிறேக்கில், எஞ்சினிலுள்ள தாங்கியிலிருந்து குழாய்வழி வளி சென்று சில்லுகளைப் பிடித்தது. குழாய் அறுந்தால்? பிறேக் இல்லை. 1872 அளவில் அவர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனித் தாங்கி. குழாயில் அமுக்கம் இருக்கும்வரை பிறேக் விலகி நிற்கும். அமுக்கம் குறைந்தால், எக்காரணத்தாற் குறைந்தாலும், பெட்டியின் தாங்கியிலுள்ள வளி பிறேக்கைப் பிடிக்கச் செய்யும். குழாய் அறுந்தால் வண்டி நிற்கும். குழாயும் வளியும் சில்லும் முன்னிருந்தவையே. மாறியது ஒரு வால்வும், பொறி பழுதுறும்போது எப்பக்கம் சாய வேண்டும் என்னும் தீர்மானமுமே.

இத்தீர்மானத்தின் விலை 1889 யூன் 12ஆந் திகதி அயர்லாந்தின் ஆமா நகருக்கு அருகில் வெளிப்பட்டது. ஞாயிற்றுப் பாடசாலைச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் புகையிரதம் ஏற்றத்தில் ஏற மாட்டாது நின்றது. அதனை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலிற் கொண்டு செல்ல முடிவுசெய்தனர். அவ்வண்டியில் இருந்தது தன்னியக்கமற்ற, எளிய வகை பிறேக். குழாயைக் கழற்றியதும் பின்பாதியின் பிறேக் முற்றாக இல்லாதொழிந்தது. கைப்பிறேக்கு ஒன்றே அதனைப் பிடித்து நின்றது. பின்பாதி உருண்டு சென்று, பின்னால் வந்த வண்டியுடன் மோதியது. 80 பேர் இறந்தனர், பலர் குழந்தைகள். தன்னியக்க பிறேக் அப்போது அறியப்படாததன்று. பதினேழு ஆண்டுகளாக இருந்தது. செலவைக் காரணங்காட்டிக் கம்பனிகள் பின்னடித்து வந்தன. அவ்விபத்தின் பின் மூன்று மாதங்கள் செல்லுமுன்னரே பிரித்தானியப் பாராளுமன்றம் பயணிகள் வண்டிகளுக்குத் தன்னியக்க பிறேக்கைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது.

இலங்கைப் புகையிரதங்களில் நெடுங்காலம் வழக்கிலிருந்தது இதே தன்னியக்கக் குடும்பத்தைச் சேர்ந்த வெற்றிட பிறேக்; பிந்திய வண்டிகளில் வளியமுக்க பிறேக் இடம்பெறுகின்றது. வெற்றிட பிறேக்கில் குழாயிலிருந்து வளியை உறிஞ்சி வெளியேற்றுவர்; வெளிவளி உட்புகுந்தால் பிறேக் பிடிக்கும். எனவே சில்லைப் பிடிப்பது உண்மையில் நம்மைச் சூழ்ந்த வளிமண்டலமே. இதில் ஒரு நுட்பம் உண்டு. கடல் மட்டத்தில் வளிமண்டலம் 30 அங்குல இரசத்தைத் தாங்கும். ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையத்தில் 24 அங்குலத்தை மட்டுமே தாங்கும். வழமையான தொழிற்பாட்டுக்கு வேண்டிய வெற்றிடம் 21 அங்குலம். ஆகவே 44க்கு 1 என்னும் செங்குத்தான சாய்வுகளைக் கொண்ட அப்பாதையில், பிறேக் மிகத் தேவைப்படும் உயரத்திலேயே அதற்குக் கிடைக்கும் விசையின் மிகுதி சுருங்கிவிடுகின்றது. பதுளை வண்டியில் யன்னலோரத்தில் இருந்து தேயிலைச் சரிவுகளைப் பார்ப்போர் இதனையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

தன்னியக்க பிறேக்கும் முடிந்த முடிபன்று. தாங்கியிலுள்ள வளியே பிறேக்கைப் பிடிக்கின்றது. அவ்வளியும் காலப்போக்கிற் கசியும். 2013 யூலை 6ஆந் திகதி கனடாவின் லக்-மெகான்ரிக் நகரில் நிகழ்ந்தது இதுவே. எண்ணெய் ஏற்றிய 72 பெட்டிகளுடன் சரிவில் நிறுத்தப்பட்ட வண்டியின் எஞ்சினில் தீ ஏற்பட, அதனை அணைத்தோர் எஞ்சினையும் நிறுத்திச் சென்றனர். கொம்பிரசர் ஓய்ந்தது, எஞ்சின் பிறேக்குகளின் வளி மெல்லக் கசிந்தது, பெட்டிகளின் தன்னியக்க பிறேக் இடப்பட்டிருக்கவில்லை, இடப்பட்டிருந்த 7 கைப்பிறேக்குகள் போதவில்லை. நள்ளிரவிற்குப் பின் வண்டி தானே உருண்டு நகரினுட் சென்று வெடித்தது. 47 பேர் மாண்டனர். அத்தனை பெரிய வண்டியைக் கம்பனி ஒரே ஒரு தொழிலாளியின் பொறுப்பில் விட்டிருந்தது. குற்றக்கூண்டில் ஏற்றப்பட்டவர்கள் அவரும் வேறு இரு ஊழியரும். 2018இல் நீதிமன்றம் மூவரையும் விடுதலை செய்தது.

வீதி வாகனங்களில் இக்குறைக்குப் பரிகாரமாக அமைந்தது சுருள்வில் பிறேக். பின்சில்லின் பிறேக் உருளையினுள் வலிய சுருள்வில் ஒன்று இருக்கின்றது. அதனை நெருக்கிப் பிறேக்கை விலக்கி வைத்திருப்பதே வளியின் வேலை. வளி போனால் வில் விரிந்து சில்லைப் பிடிக்கும், வில் கசிவதில்லை. தரிப்பிடத்தில் சாரதி கைப்பிறேக்கை இழுக்கும்போது எழும் நீண்ட ‘உஸ்’ ஓசை, வில்லை விடுவிப்பதற்காக வளி வெளியேறும் ஓசையே. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் எஞ்சினைச் சிறிது நேரம் வெறுமனே ஓட விடுவதும், வில்லை மீண்டும் நெருக்குவதற்குரிய வளியைச் சேர்ப்பதற்காகவே.

இப்போது பத்திரிகைச் செய்திக்குத் திரும்புவோம். சுருள்வில் பிறேக் பொருத்தப்பட்ட பஸ் ஒன்றில் வளி முற்றாகப் போயிருந்தால் வண்டி நின்றிருக்க வேண்டும், ஓடியிருக்கக் கூடாது. ஓடியதென்றால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். பழுதுற்ற வண்டியை இழுத்துச் செல்வதற்காகச் சுருள்வில்லை ஆணியிட்டுப் பூட்டும் வழக்கமுண்டு. அது பூட்டியபடியே விடப்பட்டிருக்கலாம். அல்லது வளி நிறைவாயிருந்தும் பிறேக் பிடிக்காது போயிருக்கலாம்: இறக்கத்தில் டிறம் வெப்பமேறி விரிவடைய, லைனர் அதனை எட்டுவதற்கு மேலும் நகர வேண்டும், உருளைத் தண்டின் வீச்சோ எல்லைக்குட்பட்டது. முன்னரே தேய்ந்து, இறுக்கிச் சரிசெய்யப்படாதிருந்த பிறேக்காயின் தண்டு முடிவிடத்தை அடைந்துவிடும். லைனர் டிறத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தால் வளியும் செலவாகும். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்னும் பழைய சாரதிகளின் விதி, வெப்பத்தை டிறத்திற் சேர விடாது எஞ்சினிடம் ஒப்படைக்கும் உபாயமாகும். ஆயின் நேரத்துக்கு ஓட வேண்டும், பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன் தரிப்பிடத்தை அடைய வேண்டும், அன்றைய வசூலை முதலாளியிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் நெருக்கடியில், இரண்டாம் கியரில் ஊர்ந்து இறங்குவதற்குரிய பொறுமை சாரதிக்கு எங்கிருந்து வரும்? லைனரை மாற்றும் நாளைத் தீர்மானிப்பவரும் பெரும்பாலும் அவரல்லர்.

பஸ்ஸின் வளித்தாங்கியிலும், டயர்க் கடைத் தாங்கியிற் போலவே, அடியில் ஒரு சிறு திருகு உண்டு. அதிகாலையிற் திறந்தால் சேறு போன்ற நீரும் எண்ணெயும் வெளியே தெறிக்கும். திறவாதுவிடின் அந்நீர் தாங்கியில் வளிக்குரிய இடத்தைப் பிடிப்பதோடு, வால்வுகளுட் சென்று அவற்றையும் அரிக்கும். அத்திருகு எத்தனை நாட்களுக்கு ஒருமுறை திறக்கப்பட்டது என விபத்தொன்றின் பின் எவரும் கேட்டதாக நாம் வாசித்ததில்லை.